மஞ்சள் பாலில் நான் கலந்தது

என் கணவரின் ரத்தம் நிற்காமல் ஒழுகியதற்குக் காரணம் நான்தான். வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று மருத்துவர் கேட்டபோது, இல்லை என்று கூசாமல் பொய் சொன்னவளும் நான்தான்.

அவர் பிழைத்துவிட்டார். பிழைத்துவிட்டாரே, பிறகென்ன என்று கேட்டுவிடாதீர்கள். முழுக்கக் கேளுங்கள். கேட்டுவிட்டுத் திட்டுங்கள்... திட்டத்தான் போகிறீர்கள்.

அவர் மின்துறையில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் எந்தக் கம்பம் எந்தத் தெருவுக்கு விளக்குக் கொடுக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகும் லைன்மேன் பையன்கள் கம்பத்தடியில் நின்றுகொண்டு அவருக்குத்தான் போன் போடுவார்கள். சோற்றில் கை வைத்தபடியே பதில் சொல்வார். அப்படியொரு ஞாபகம்!

பெண் பார்க்க வந்த அன்று நான் எந்த நிற ரவிக்கை போட்டிருந்தேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. அவருக்கு மறக்கவில்லை. அரக்கு நிறமாம். கை ஓரத்தில் தையல் விட்டிருந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லியே என்னை வெட்கப்பட வைத்த மனிதர்.

அவருக்குக் காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரல் வரைக்கும் போய்விட்டது. எப்படியோ காப்பாற்றிவிட்டார்கள். இனி ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையை அவரே எடுத்து, அவரே போட்டுக்கொள்வார். என்னைத் தொடவிட மாட்டார்.

எனக்குத்தான் பயம் விடவில்லை. மதியம் கண்ணயர்ந்தால்கூட மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் இருக்கேன்டி, போய் வேலையப் பாரு" என்றார். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அந்தப் பயத்தோடு போய் உட்கார்ந்த இடம் மலர்க்கொடி வீடு. எங்கள் கோவில்பத்தில் பக்கத்துத் தெருக்காரி. யாரோ ஓர் அம்மாளை வரவழைத்துக் கூட்டம் போட்டிருந்தாள். அந்த அம்மாள் ஆப்பிளை இரண்டாக நறுக்கினாள். ஒரு துண்டின் மேல் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தூவினாள், மற்றதை அப்படியே வைத்தாள். பேசி முடிப்பதற்குள் தூவாத துண்டு பழுப்பேறிவிட்டது!

"நம்ம உடம்பும் இப்படித்தாங்க உள்ளுக்குள்ள துருப்பிடிக்குது. அதத் தடுக்கறதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட். இதுல இருக்கறதெல்லாம் மஞ்சள், திராட்சை விதை, மிளகு. எல்லாம் செடி கொடியிலேர்ந்து வர்றது. பக்கவிளைவே கிடையாது" என்றாள்.

கடற்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிர்வதை நாள்தோறும் பார்க்கிறவள் நான். எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. பழமும் கீரையும் உடம்புக்கு நல்லது என்பது பொய்யில்லையே. மஞ்சள் இல்லாமல் நம் வீட்டில் எந்தக் குழம்பு கொதிக்கிறது? அதையே காய்ச்சிச் செறிவாக்கிக் கூட்டுக்குள் அடைத்தால் அது வேறொன்றாகிவிடும் என்று எனக்கு எங்கே தெரிந்தது...

ஒரு டப்பா வாங்கிவந்து அவரிடம் காட்டினேன்.

"துருப்பிடிச்சா பெயிண்ட் அடி. மாத்திரை எதுக்கு?" என்றார்.

"விளையாடாதீங்க. ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாருங்களேன்."

"டாக்டரக் கேப்போம். அவங்க சரின்னா போடறேன். கேக்காம வேணாம் வசந்தா."

எவ்வளவு நியாயமான பேச்சு! கேட்டிருக்கலாம். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது. ஆனால் கேட்டால் வேண்டாம் என்பார்களோ என்று எனக்குப் பயம். நானும்தான் அதைச் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவருக்கு மட்டும் என்ன ஆகிவிடும்? பெரிய மேதாவி நான்!

சாயங்காலம் அவர் மஞ்சள் பால்தான் குடிப்பார். கேப்ஸ்யூலைப் பிரித்து அதில் கொட்டிக் கலக்கினேன். நிறம் மாறவில்லை. பனங்கற்கண்டைக் கூடுதலாகப் போட்டேன், ருசியும் தெரியவில்லை. சில நாள் கழித்து அவர் முகம் தெளிந்தாற்போலிருந்தது. மகிழ்ந்துபோய் இரண்டாகப் போட ஆரம்பித்தேன்.

அன்போடுதான் செய்தேன். அன்பு என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நீங்களே சொல்லுங்கள்.

முதலில் பல் துலக்கும்போது ரத்தம் கசிந்தது. பிரஷ் முரடு என்றார். பிறகு முழங்கையில் ஒரு நீலம். எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்றார். ஒரு காலை, மூக்கிலிருந்து வர ஆரம்பித்த ரத்தம் நிற்கவேயில்லை. ஒரு துண்டு நனைந்து இன்னொரு துண்டும் நனைந்தது. ஆட்டோவில் என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "பயப்படாத... பயப்படாத..." என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மருத்துவமனையில் ரத்தம் மிகவும் நீர்த்துவிட்டது என்றார்கள். ஊசி போட்டு, மூக்கில் பஞ்சை அடைத்து, ஒருவழியாக நிறுத்தினார்கள். மருத்துவர் ஓர் இளம்பெண், பொறுமைசாலி. வேறு மருந்து ஏதாவது உண்டா என்று முதலில் கேட்டார். இல்லையென்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது நான் பொய் சொல்லவில்லை. அந்தக் கேப்ஸ்யூல் மருந்து என்று என் புத்தியில் உறைக்கவேயில்லை.

மருத்துவர் விடவில்லை. "நாட்டு மருந்து, மூலிகைப் பொடி, சத்து மாத்திரை... எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்கம்மா. செடியிலேர்ந்து எடுக்கறதுகூட இந்த மாத்திரையோட சேர்ந்தா ரத்தத்த இன்னும் நீர்க்க வெச்சிடும்."

எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து அவர் குரல்... மூக்கில் பஞ்சோடு, திணறிக்கொண்டு...

"எங்க வசந்தா உங்களக் கேக்காம ஒரு சுக்குக் காப்பிகூடக் குடுக்க மாட்டா டாக்டர்."

எவ்வளவு பெருமை அந்தக் குரலில்!

மருத்துவர் என்னைப் பார்த்தார். "இல்லீங்க டாக்டர்" என்றேன்.

அப்படியானால் மாத்திரையை மறந்துபோய் இரண்டு தடவை போட்டிருப்பீர்கள் என்றார் அவரிடம். இல்லவே இல்லை என்றார் இவர். வயதானால் சகஜம்தான் ஐயா, இனி அம்மா கையால் வாங்கிப் போடுங்கள் என்றார் மருத்துவர். அப்போது இவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. மின்சாரம் தொட்டுத் தூக்கியெறிந்த நாளில்கூட அப்படி வெளிறியதில்லை.

"போட்டிருப்பனோ?" என்றார் என்னிடம், மெல்ல.

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது மாத்திரை அட்டையை. "எடுத்துட்டு வா. எண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும். கூடப் போட்டிருந்தா குறையும்ல?"

ஐயோ... அதையும் நான் செய்தேன்! "இப்ப எதுக்குங்க அதெல்லாம்? வந்ததும் வராததுமா... படுங்க" என்று அதட்டிவிட்டு, அட்டையைக் கேப்ஸ்யூல் டப்பாவோடு முந்தானையில் சுருட்டிக்கொண்டு போய் வாய்க்காலில் போட்டேன். அவர் பக்கம் இருந்த ஒரே சாட்சி அது. விஷயம் தெரியாமல் பாலில் கலந்ததைக்கூட மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிப்பீர்கள்?

அதற்குப் பிறகு ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்தன. "பாத்தியா, நீ குடுக்க ஆரம்பிச்சதும் எல்லாம் சரியாயிடுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். நான் மாத்திரையைக் கொடுத்தால், என்ன ஏதென்று பார்க்காமல் குழந்தைபோல் வாயைத் திறக்கிறார். சண்டை போட மாட்டாரா, 'எனக்குத் தெரியாதா, போடி' என்று பிடுங்கிக்கொள்ள மாட்டாரா என்று நான் ஏங்குகிறேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, செல்வத்திடமிருந்து போன் வந்தது. இவரிடம் வேலை கற்ற லைன்மேன். காற்றில் கோட்டுச்சேரிமேட்டில் கம்பி அறுந்துவிட்டதாம். அங்கே ஒரு கம்பத்தைச் சொல்லி, "எந்தப் பக்கம் ஆஃப் பண்ணணுங்கய்யா?" என்று கேட்டான்.

இவர் உதடு அசைந்தது. பதில் நாக்கு நுனியில் நின்றது எனக்கே தெரிந்தது.

"எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியலப்பா. ஆபீஸ்ல லைன் படத்தப் பாத்துட்டு ஏறு. பாக்காம ஏறாத தம்பி."

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "அதுக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் லைன் வரும். ரெண்டையும் ஆஃப் பண்ணணும். அப்படித்தான் தோணுது... ஆனா மாத்திரைய ரெண்டு தடவ போட்டவன்தான நான். நம்பி ஏறிட்டான்னா?"

காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. செல்வம் திரும்ப அழைக்கும் வரை போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் லைன்தான் என்று படத்தில் இருந்ததாம், வேலை முடிந்ததாம். சரியாகச் சொன்னீர்களே என்றேன். "குருட்டாம்போக்குல சரியாப் போச்சு வசந்தா" என்றார். இப்போது யாரும் அவருக்குப் போன் போடுவதில்லை.

தான் தப்பாகச் சொல்லி இன்னொரு உயிர் போய்விடக் கூடாதென்று தெரிந்ததையும் சொல்லாத மனிதர் அவர். வெட்கப்பட்டு, தெரிந்ததை விழுங்கினவள் நான். எங்கள் இரண்டு பேரின் மௌனமும் ஒரே வீட்டில்தான் இருக்கிறது.

சொல்ல முயலவில்லையா என்கிறீர்களா? எத்தனையோ முறை முயன்றேன். "என்னங்க..." என்று ஆரம்பிப்பேன். "என்னம்மா?" என்று திரும்புவார். அந்த முகத்தைப் பார்த்ததும், அரிசி வாங்கணும், கேஸ் புக் பண்ணணும் என்று எதையோ சொல்லிவிட்டுப் போய்விடுவேன். எனக்கு மட்டும்தான் அவர் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லையென்று தெரியும். ஆனால் என்னைப் பற்றி அவர் மனத்தில் இருக்கும் அந்த வசந்தா போய்விடுவாளே... அவளை இழக்க எனக்குத் தைரியமில்லை. அவள் மதிப்புக்காக அவர் மதிப்பை எடுத்துக்கொண்டேன்.

நாளை புதுச்சேரிக்குப் போகிறோம். மகள்தான் ஏற்பாடு செய்திருக்கிறாள், ஞாபக மறதிக்கான பெரிய மருத்துவராம். கேள்விகள் கேட்பார்களாம், படம் வரையச் சொல்வார்களாம். காலையிலிருந்து இவர் நாற்காலியில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளின் நட்சத்திரங்களையும் தருமபுரம் பக்கத்துக் கம்பங்களையும் வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் பிசகவில்லை. பிசகாது.

பையில் அவர் வேட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அருகே வந்து நின்றார்.

"அந்த டாக்டர் முதல்ல என்ன நடந்துச்சுன்னு கேப்பார்ல? எனக்குச் சரியாச் சொல்ல வராது. நீ பக்கத்துலயே இரு வசந்தா. எனக்கு மறந்தத எல்லாம் நீ சொல்லிடு."

"சரிங்க" என்றேன்.