அருள் எழுதிய சாவுப் பாட்டு

அருள் போய்விட்டான். இன்று காலை, நாமக்கல்லில்.

வாட்ஸ்அப் குரூப்பில் "பக்திப் பாடகர் மறைவு" என்று போட்டிருக்கிறார்கள். பக்திப் பாடகராம்... எரிச்சலாக வருகிறது.

அறுபதுகளின் கடைசியில் சேலத்தில் எங்களுக்கு ஒரு பேண்ட் இருந்தது. லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்த அருள் கிடார். அவன் கூட்டாளி தாமஸ் டிரம்ஸ். மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து வந்த நான் பாடகி. ஆம்ப்ளிஃபயர்? அருள் பிரித்துக் கட்டிய ஒரு பழைய ரேடியோ.

அருளின் அப்பா இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. கல்லறை வரை பாதையெல்லாம் பள்ளம். "டேய், குனிஞ்சு வாடா, மாமன் சரியறாரு!" என்று யாரோ கத்த, பின்னால் அழுதுகொண்டு வந்த அருள் சிரித்துவிட்டான். அடக்க முடியவில்லை. பெரியப்பா அங்கேயே அறைந்தார்.

அந்த வாரமே பாட்டு வந்தது. பெட்டிக்குள்ளிருந்து செத்தவன் பாடுகிறான்...

"மெல்லத் தூக்குங்கப்பா, மேடு பள்ளம் பாருங்கப்பா,
செத்தவனுக்கும் இடுப்பு உண்டு, சித்த நேரம் நில்லுங்கப்பா!"

ராக் அண்ட் ரோல் அடி. மட்கார்டு தகரத்தில் தட்டித் தட்டித்தான் தாமஸ் அதைப் பிடித்தான்.

"இதை நான் பாடறதா?" என்றேன்.

"அழுத மூஞ்சியோட பாடு புள்ள. அப்பத்தான் சிரிப்பு வரும்."

கோயில் திருவிழா மேடையில் பாடினேன். பின்வரிசைப் பையன்கள் பெஞ்சில் ஏறி ஆடினார்கள். இரண்டாவது சரணத்தில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வந்து மைக்கைப் பிடுங்கினார். "பொட்டப்புள்ள சாவுப் பாட்டுப் பாடுறதா? ஊட்டுக்குப் போ!"

பெண்கள் பக்கமிருந்து அருளின் அம்மா எழுந்தார்.

"நிறுத்தாதீங்க. செத்தது எம் புருசனுங்க. நான் முழுசாக் கேக்கோணும்."

யார் காதில் விழுந்தது? லைட்டையே அணைத்துவிட்டார்கள்.

மறுநாள் பட்டறையில் அவருக்காக மட்டும் பாடினோம். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "அந்த மனுசன் இப்படித்தான் கத்தியிருப்பாரு... இன்னொருக்கா பாடு சாமி."

அப்புறம் மெட்ராஸ். ரெக்கார்டு கம்பெனிக்காரர் தொடையில் தாளம் போட்டுக் கேட்டார். "ட்யூன் பிரமாதம் தம்பி. செத்தவனை எடுத்துட்டுக் காதலனைப் போடுங்க."

"ஏனுங்க, காதலனை எதுக்குங்க நாலு பேர் தூக்கோணும்?" என்றான் அருள்.

அத்துடன் வெளியே வந்துவிட்டோம். அடுத்த தையில் என்னை ஆத்தூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பேண்ட் அவ்வளவுதான். ஒரு டேப்பில்கூட அந்தப் பாட்டு இல்லை.

அதற்குப் பிறகு அவன் கோயிலில் மட்டும்தான் வாசித்தான், பக்திப் பாட்டுப் பாடினான். நன்றாகத்தான் வாசித்தான். ஆனால்...

சற்றுமுன் அவன் மகனுக்குப் போன் செய்தேன். நாளை அடக்கத்தில் அப்பா எழுதிய பாட்டைப் பாடட்டுமா என்று கேட்டேன்.

"அப்பா பாட்டு எழுதுவாருங்களா ஆன்ட்டி?" என்றான்.

பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லையா நீ? கமிட்டிக்காரர், கம்பெனிக்காரர் எல்லாரையும் விட இப்போது உன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், உன் பெட்டிக்குப் பின்னால் அதைப் பாட.

போய் வா, அருள்.