அச்சகத்துக் கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் மாமா, புந்தோங்கில் இருந்த தம் அச்சகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். திரை முழுக்கக் குட்டிக் குட்டிப் படங்கள். வேண்டிய படத்தை மௌஸால் இரண்டு முறை தட்டினால் வேலை தொடங்கிவிடும். "சின்னப் பிள்ளைகூடத் தேடி எடுத்துரும்லா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார். உண்மைதான். எனக்கு அப்போது பத்து வயது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிடுவேன். அத்தைக்குத்தான் பிடிபடவில்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் புரோகிராமைத் தேடப் போய், கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு விழிப்பார்.

ஆயுத பூஜை வந்தது. அச்சு இயந்திரம், பேப்பர் வெட்டும் கத்தி, மாமாவின் மோட்டார் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அத்தை, கம்ப்யூட்டரின் கண்ணாடியிலும் ஒன்று வைத்தார், சரியாகப் பத்திரிகைப் படத்தின் பக்கத்தில். மறுநாள் முதல் தேடலே இல்லை. பொட்டு உதிர்ந்தால் வெள்ளிக்கிழமை புதிதாக ஒன்று வைப்பார். அவருடைய பக்தியைப் பார்த்து எனக்கு ஒரே சிரிப்பு.

ஒருநாள் மாமா கையை வைத்துக்கொண்டு சும்மா இராமல், படங்களை வரிசையாக மாற்றி அடுக்கிவிட்டு வெளியே போய்விட்டார். அந்த நேரம் பார்த்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து நின்றார். பத்திரிகையில் முகூர்த்த நேரம் தப்பு. "இப்பவே திருத்திக் குடுங்க. இல்லாட்டி நான் வேற கடைக்குப் போறேன்லா" என்றார்.

அத்தை பொட்டை நம்பித் தட்டினார். கால்குலேட்டர் வந்தது. மூடிவிட்டு மறுபடி தட்டினார். மறுபடியும் கால்குலேட்டர். 

"அத்தே, கீழேயே பேரு போட்டிருக்குல்ல?" என்றேன்.

"கண்ணு மங்குதும்மா. நீயே தட்டிக் குடு."

தட்டினேன். அத்தை நேரத்தைத் திருத்தி அடித்துக் கொடுத்தார். பத்திரிகை வேலை கைவிட்டுப் போகாமல் தப்பியது. மாமா வந்ததும் அத்தை பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "பூஜைக்கு வெச்ச பொட்டுங்க அது. படத்தை மொதல்ல பழைய எடத்துல வைங்க."

"சரிலா, சரிலா" என்று மாமா படங்களைத் திருப்பி அடுக்க உட்கார்ந்துவிட்டார். குங்குமத்தைத் துடைக்க அவருக்குத் தைரியம் ஏது?

கண் மங்குகிறது என்ற அதே அத்தை, திருத்திய பத்திரிகையில் ஓர் எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருப்பதை வாசலில் நின்றே கண்டுபிடித்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை; வளர்ந்த பிறகுதான் புரிந்தது. படங்களுக்குக் கீழே இருந்த பெயர்களெல்லாம் ஆங்கிலம். அத்தை படித்ததோ ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, எங்கள் வீட்டில் ஒருவரும் துடைக்கத் துணியாத ஒன்றால் தமக்கு அடையாளம் வைத்துக்கொண்டார். நான் அதைப் பக்தி என்றே நினைத்திருந்தேன்.