முனையில்லாத எழுத்து

குண்டு எழுத்தை நான் நம்புவதில்லை. திருவண்ணாமலையில் பிளெக்ஸ் கடை வைத்திருப்பவன் இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் தினமும் அதைப் போட்டுக் கொடுப்பவனுக்குத்தானே அதன் குணம் தெரியும்? எங்கும் ஒரே தடிமன், முனை என்பதே கிடையாது, நுனியெல்லாம் வழவழவென்று உருண்டிருக்கும். காதணி விழாவா, ஐஸ்கிரீம் கடையா, கிரிவலப் பாதையில் மனை விற்பனையா, எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். பொடியாகப் போட்டால் மட்டும் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதனால் வாக்குறுதி மேலே குண்டாக வரும், நிபந்தனைகள் கீழே ஒல்லி எழுத்தில் வரும். அதிவிநயம் தூர்த்த லட்சணம், அளவு மீறிய பணிவு போக்கிரியின் அடையாளம் என்பார்களே, அது எழுத்துக்கும் பொருந்தும்.

மனைவிக்கு வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ் வேலை கிடைத்தபோது, இரண்டரை வயது மகளைப் பகலில் எங்கே விடுவது என்ற கேள்வி வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். சுவரில் மஞ்சளும் சிவப்புமாக அதே குண்டு எழுத்து. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அதைவிட மோசம், எழுத்துகள் வாசலுக்கு மேலே இல்லை. கதவை ஒட்டிய சுவரில், என் இடுப்புக்கும் கீழே, புடைத்து நிற்கும்படி வெட்டிப் பதித்திருந்தார்கள். ரோட்டில் போகிறவர் கண்ணில் படாத போர்டை எவன் வைப்பான்? யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறவன்தான் வைப்பான்.

"நீங்க புள்ளைய சேக்க வந்தீங்களா, போர்டுல குத்தம் கண்டுபுடிக்க வந்தீங்களா?" என்றாள் மனைவி.

"ரெண்டுக்குந்தான்."

காப்பகம் நடத்தும் அம்மா வெளியே வந்தார். "போர்ட ஏம்மா இவ்ளோ கீழ வெச்சிருக்கீங்க?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

"அது உங்களுக்கு இல்ல சார், பசங்களுக்கு. காலைல விட்டுட்டுப் போறப்ப ஜாஸ்தி அழுவுதுங்க. இத தடவிக்கினே உள்ள வந்துடுதுங்க. முனை இருந்தா கையில குத்துமேன்னு உருண்டையா வெட்டித் தரச் சொன்னேன்."

நான் நம்பவில்லை. குந்தி உட்கார்ந்து, எல்லா எழுத்தின் மேலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். எங்காவது ஒரு பிசிறு அகப்படாதா என்றிருந்தது. அகப்படவில்லை. பிஞ்சு விரல்கள் பட்டுப் பட்டு மஞ்சள்தான் வெளுத்திருந்தது.

திங்கட்கிழமை நானே கொண்டுபோய் விட்டேன். மகள் என் விரலை இறுகப் பிடித்திருந்தாள். அழுதால் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான் என்று வண்டியைக்கூட அணைக்காமல் நிறுத்தியிருந்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். என் விரலை விட்டுவிட்டு முதல் எழுத்தில் கை வைத்தாள். அதன் வளைவோடு போய், அடுத்ததைப் பிடித்தாள். கடைசி எழுத்து முடிகிற இடத்தில் கதவு. உள்ளே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டியை அணைத்தேன். அவள் அழவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

குண்டு எழுத்தை இன்னும் நான் நம்புவதில்லை. என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்ட எழுத்து அது, எப்படி நம்புவேன்?