தேவசி கொடுத்த இரண்டு வரி

முண்டப்பாறைக் கல்குவாரியில் வெடி வைக்கிறவர் தேவசி. பதினாறு வருஷமாக அதே வேலை. மூன்று முறை விசில் ஊதி, ஆட்களை ஒதுக்கிவிட்டு, வெடிப்பெட்டியில் கைப்பிடியைச் செருகித் திருப்புவார். இடது காது பாதிதான் கேட்கும். அதனால் பாட்டுக் கேட்கும்போது வலது காதை டேப்ரிக்கார்டர் பக்கம் கொடுத்துத் தலையைச் சாய்த்து உட்காருவார். பாப்பச்சன் பாட்டுக்குச் சிரிக்காத ஒரே ரசிகர் அவர்தான். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும்போது, அவர் மேசையில் விரலால் தாளம் போட்டு வரிகளை எடை போட்டுக்கொண்டிருப்பார்.

பாப்பச்சன் சினிமாப் பாட்டு மெட்டில் ஊர் வம்பை ஏற்றிப் பாடுகிறவர். ஓணத்துக்கு ஒரு கேசட் வரும். கோயில் திருவிழா, சர்ச் பெருநாள் எதுவானாலும் பாப்பச்சன் மேடை ஏறினால்தான் கூட்டம் உட்காரும். நான் செங்கோட்டையிலிருந்து போய் அங்கே சாயாக்கடை போட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு என் கடையில்தான் பாப்பச்சன் ரசிகர்களின் சபை கூடும். தேவசி, பஸ் கண்டக்டர் சுகதன், மீன் விற்கிற அம்மிணி சேச்சி. எந்தப் பாட்டு உசத்தி என்பதுதான் சண்டை.

"'மாமியார் ஏறின பஸ்'தான் நம்பர் ஒண்ணு. அடிச்சுக்க ஆளில்ல" என்பான் சுகதன்.

"பஸ்ஸுன்னு வந்துட்டா போதும், ஒனக்கு. 'கரண்டு போன கல்யாணம்' கேட்டுச் சிரிச்சு நான் மீன் கூடையையே கீழ போட்டேன்டா. பூனைங்க அன்னிக்கு எனக்குக் கோயில் கட்டிருக்கும்."

"அதுல மூணாவது சரணத்துல அவரு மூச்சு வாங்குறாரு சேச்சி. அது பாட்டு இல்ல, ஆஸ்துமா" என்பார் தேவசி. அதற்கு மட்டும் எல்லோரும் கப்சிப்பென்று அடங்குவார்கள். பாப்பச்சன் விஷயத்தில் அவர் சொன்னால் தீர்ப்பு.

தொண்ணூற்றேழு ஜனவரிப் பெருநாளுக்குப் பாப்பச்சன் வந்திருந்தபோது தேவசி மேடைக்குப் பின்னால் போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று கேட்டோம். "சுகமான்னு கேட்டேன்" என்றார்.

அந்த ஓணத்துக்கு வந்த கேசட்டில் இரண்டாவது பாட்டு எங்கள் ஊரைப் பற்றியது. பேர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பாட்டின் பேரே 'கல்லறை முதலாளி'.

*கல்லை உடைச்சான் கடலை போல
சுவரை உடைச்சான் அப்பளம் போல
பர்மிட்டுல குழி பன்னெண்டு
பாறையில பாரு நாப்பத்தொண்ணு*

அம்மிணி சேச்சி சிரித்தாள். சுகதன் மேசையைத் தட்டினான். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். நாலாவது தடவை ஓடும்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. அரசாங்கம் எத்தனை வெடிக்குழிக்கு அனுமதி தந்தது, நிஜத்தில் எத்தனை போடுகிறார்கள் என்பது வெளியாள் யாருக்கும் தெரியாது. போடுகிறவருக்குத் தெரியும். நான் தேவசியைப் பார்த்தேன். அவர் டேப்ரிக்கார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "கடைசி ரெண்டு வரி என்னோடது. ஒரு எழுத்து மாத்தல மனுஷன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படி இருந்திருக்க மாட்டார்.

"வெளிய சொல்லாதீங்க" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பாட்டில் பொய் ஒன்றும் இல்லை. குவாரிக்குக் கீழே கிணறுகள் வற்றியிருந்தன. ஆரம்பப் பள்ளியின் மேற்குச் சுவரில் விரிசல். விரிசல் அகன்றால் கிழியட்டும் என்று சாரதா டீச்சர் அதன்மேல் குறுக்கே காகிதத் துண்டு ஒட்டித் தேதி எழுதி வைப்பார். மாதத்துக்கு ஒரு காகிதம் கிழிந்தது போய், வாரத்துக்கு ஒன்று கிழிய ஆரம்பித்திருந்தது.

ஓணம் முடிந்த மறு வாரமே கேசட் கடைகளில் அந்தக் கேசட் காணாமல் போனது. கேட்டால் "தீந்துபோச்சு" என்றார்கள். பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஜனங்கள் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கத்தினார்கள். பாப்பச்சன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார், கூட்டத்தின் ஓரத்தைப் பார்த்தார், மாமியார் பாட்டைப் பாடினார். ஓரத்தில் குவாரி ஜீப் நின்றிருந்ததாக அம்மிணி சேச்சி சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அந்த ஜீப் என் கடை முன்னால் நின்றது. குவாரி மேனேஜர் குரியாக்கோஸ் இறங்கினார். அதுவரை என் கடைக்குள் கால் வைக்காதவர். வெள்ளை வேட்டி, மெல்லிய குரல். நேராக வந்து சபையின் நடுவில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, எல்லாருக்கும் பழம்பொரி குடு. நானும் பாப்பச்சன் ரசிகன்தாம்ப்பா. என்னையும் சேத்துக்குவீங்களா?"

அவரே தொடர்ந்தார். "எனக்கு மாமியார் பாட்டுதான் உசுரு. கண்டக்டரே, ஒனக்கு?"

"எனக்கும் அதான் சார்" என்றான் சுகதன். குரலில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"பாத்தியா! ரசனைன்னா அது. இந்த ஓணத்துக்கு ஏதோ கல்லறைன்னு ஒண்ணு பாடிருக்கான். த்தூ! தாளம் இல்ல, நகைச்சுவை இல்ல. கூலிக்கு எவனோ எழுதிக் குடுத்திருக்கான். பாப்பச்சன் கதை முடிஞ்சுபோச்சு."

தேவசி சாயாவை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். சுகதனுக்குக் காது சிவந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க சார். நல்ல பாட்டு."

"என்ன நல்ல பாட்டு? பன்னெண்டு, நாப்பத்தொண்ணு... இதென்ன பாட்டா, வாய்ப்பாடா? எழுத்தறிவில்லாத பய எழுதினது."

"யாரு சார் எழுத்தறிவில்லாதவன்? அந்த ரெண்டு வரிக்கு ஈடா இந்த ஜில்லாவுல ஒரு வரி காட்டுங்க. எங்க தேவசி சேட்டன்..."

அவ்வளவுதான் சொன்னான். வாயை மூடிக்கொண்டான். ஆனால் வெளியே வந்தது வந்துவிட்டது.

குரியாக்கோஸ் சிரித்தார். மீதிப் பழம்பொரியைத் தட்டிலேயே வைத்தார். "தேவசி, நீ இவ்வளவு பெரிய கலைஞன்னு தெரியாமப் போச்சே. நாளைக்கு வேலைக்கு வந்துருவல்ல?"

"வருவேன் சார்."

ஜீப் போன பிறகு சுகதன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தேவசி அவனைத் திட்டவில்லை. "பாட்டைத் திட்டினா ஒனக்குக் கோவம் வரும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. விடு" என்றார். எழுந்து போகும்போது கதவு நிலையை ஒரு தடவை பிடித்துக்கொண்டார்.

வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நிறுத்தவில்லை. வெடி வைத்த பிறகு, வெடிக்காமல் தங்கிய குழிகளைத் தனியாகப் போய்த் தோண்டிப் பார்க்கச் சொன்னார்கள். முன்பு இரண்டு பேர் அரை மணி நேரம் பொறுத்துப் போவார்கள். இப்போது புகை அடங்குவதற்குள் அவர் மட்டும். தினமும் மத்தியான வெடிச் சத்தம் கேட்டதும் அவர் மனைவி ரோசிலி வாசலுக்கு வந்து ரோட்டையே பார்த்து நிற்பாள். நானும் அடுப்பைத் தணித்துவிட்டு நிற்பேன். அவர் சைக்கிள் வளைவில் தெரிந்தால்தான் சாயா போடக் கை வரும்.

டிசம்பரில் அரைப் பரீட்சை. பள்ளியில் நூற்றுப் பத்துப் பிள்ளைகள். அன்று காலையில் மேற்குச் சுவரில் ஒட்டியிருந்த மூன்று காகிதமும் கிழிந்திருந்ததாக டீச்சர் குவாரிக்குச் சொல்லி அனுப்பினார். பதில் இல்லை. குழிகளில் மருந்து நிரப்பினார்கள். தேவசி எண்ணினார். ஐம்பத்தாறு.

"சார், நாலு மணிக்கு மேல வைக்கலாம். பிள்ளைங்க எழுதிட்டிருக்கு."

"லாரி நிக்குது. நீ பாட்டு எழுதுற வேலையப் பாக்கல, வெடி வைக்கிற வேலையப் பாக்குற. விசில ஊது" என்றார் குரியாக்கோஸ்.

தேவசி ஊதவில்லை. வெடிப்பெட்டியின் கைப்பிடி சட்டப்படி வெடிக்காரர் பையில்தான் இருக்க வேண்டும். அதை எடுத்தார். தண்ணீர் தேங்கிய பழைய குவாரிப் பள்ளம் பக்கத்திலேயே இருந்தது. அறுபது அடி ஆழம். அதில் எறிந்தார்.

அங்கேயே அவரை அடித்தார்கள். வேறு கைப்பிடி அங்கமாலியிலிருந்து வந்து சேர நாலரை ஆகிவிட்டது. யாரோ ஒருவன் திருப்பினான். என் கடையில் கண்ணாடி டம்ளர்கள் பலகையிலிருந்து குதித்தன. பள்ளியின் மேற்குச் சுவர் மொத்தமாக உள்ளே சாய்ந்து, மூன்றாம் வகுப்பு பெஞ்சுகள் மேல் விழுந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ரோட்டில் நின்று அந்தப் புழுதியைப் பார்த்த தாய்மார்கள் யாரும் சத்தம் போடவில்லை.

கலெக்டர் வந்தார், குவாரியைப் பூட்டினார்கள். கூடவே, வெடிச் சாமான் திருட்டு என்று தேவசி மேலும் வழக்கு. பத்தொன்பது நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்த மாதமே, பட்டப்பகலில், நம்பர் பலகை இல்லாத ஒரு லாரி அவருடைய சைக்கிளைக் கால்வாயில் தள்ளிவிட்டுப் போனது. இடுப்பெலும்பு முறிந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். யாருடைய லாரி என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

சுகதன் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஐந்து மாதம் கழித்து தேவசி ஊன்றுகோலோடு அவன் பஸ்ஸில் ஏறினார். அவன் முகத்தைப் பார்க்காமலே டிக்கெட்டைக் கிழித்து நீட்டினான்.

"ஞாயித்துக்கிழம வாடா. நீ இல்லாம அந்தப் பொம்பள கரண்டு பாட்டையே போட்டுக் கொல்லுறா" என்றார்.

சுகதன் வந்தான்.

தேவசி மேல் போட்ட வழக்கு ஆறு வருஷம் நடந்து தள்ளுபடி ஆனது. குவாரி அதற்கு வெகு முன்பே வேறொரு பேரில், மலையின் கிழக்குப் பக்கம் திறந்தாயிற்று. தேவசி இப்போது ரோசிலியோடு கோழி வளர்க்கிறார். கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்டால் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்து, விரிசலின்மேல் காகிதம் ஒட்டித் தேதி எழுதிவிட்டு வருவார். போன வாரம் ஒரே நாளில் நாலு வீட்டில் கூப்பிட்டார்கள்.