அண்ணன் போட்ட காற்றுக் குழாய்

அண்ணன் கட்டிய விமானம் பறக்கவில்லையே என்று, இந்த நினைவு மலரை வாங்கும் சொந்தங்களில் சிலர் வருத்தப்படுவீர்கள். அந்த வருத்தம் எங்களுக்கு வேண்டாம்.

அண்ணன் வெண்ணாற்றங்கரையில், பண்ணையாள் குடும்பத்தின் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். கூலி உயர்வு கேட்டதற்காக அப்பாவை மிராசுதார் களத்திலிருந்து விரட்டியபோது அண்ணன் பள்ளி மாணவர். படித்து, விமானப்படையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தார். உச்சவரம்புச் சட்டத்தில் அப்பாவுக்குக் கிடைத்த நிலத்தின் மீது மிராசுதார் குடும்பம் வழக்குப் போட்டது. அண்ணன் ஓய்வு பெற்று வந்த பிறகே நமக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. அந்த நிலத்தின் மேட்டில்தான் தகரக் கொட்டகை போட்டு, இருவர் அமரும் விமானத்தைக் கட்டத் தொடங்கினார்.

அண்ணன் அதற்குள் மெல்லிய குழாய்களைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, மிராசுதாரின் மகன் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறத விட்டுட்டு ஆகாசத்துக்குக் குழா போடுறியா?"

"ஆமாங்க. காத்துக்கு இன்னும் யாரும் பட்டா வாங்கலீங்களே" என்றார் அண்ணன், திரும்பிப் பாராமல்.

வெளிக்காற்றின் அழுத்தத்தை அந்த மெல்லிய குழாய்கள் சரியாகக் கொண்டுவந்தால்தான் உயரமானியும் வேகமானியும் உண்மை சொல்லும். ஈரம் சேர்ந்து அடைக்காதபடி அண்ணன் குழாய்க்குச் சற்றே சரிவாக வாட்டம் கொடுத்து, அடியில் வடிகால் வைத்தார். முனையில் குளவி கூடு கட்டாதிருக்கத் துணி உறை தைத்தவர் அண்ணி.

கசிவைச் சோதிக்க, குழாயிலிருந்து சிறிது காற்றை உறிஞ்சி, குழாயின் வாயை அடைத்துவிட்டு, உயரமானியின் முள் ஏறிய இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் இணைப்பாக மாற்றிவந்தபோதுதான் நோய் அவரைப் படுக்க வைத்தது.

மருத்துவமனையில் தங்கை என்னிடம் சொன்னார்: "பாப்பா, கருவிப் பலகைக்குப் பின்னாடி மூணா பிரியுற இணைப்பு ஒண்ணுதான் பாக்கி. மாத்திட்டு மெதுவா உறிஞ்சு. எளநி குடிக்கிற மாதிரி இழுத்துடாத, முள்ளு போயிடும்."

"நீங்களே வந்து உறிஞ்சுங்க."

"எனக்கே மூச்சு குழா வழியாத்தான் வருது" என்று சிரித்தார். அந்த வாரமே போய்விட்டார்.

கருமாதிச் சமையலுக்குக் கொட்டகையைக் கேட்ட சித்தப்பா, "உள்ள நிக்கிற அந்த விமானத் தகரத்த எடைக்குப் போட்டுடும்மா" என்றார். மறுத்தேன். வெயிலிலேயே அடுப்பு மூட்டினோம். சித்தப்பாவுக்குக் கோபம் இருந்தால் இருக்கட்டும்.

சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், இரவெல்லாம் உடனிருந்த செவிலியருக்கும், யார் தடுத்தும் மிராசுதார் வீடிருக்கும் பெரிய தெரு வழியாகவே அண்ணனைச் சுமந்து சென்ற தோழர்களுக்கும் எங்கள் நன்றி.

இம்மலர் அச்சுக்குப் போகுமுன், அந்தக் கடைசி இணைப்பை மாற்றினேன். மெதுவாக உறிஞ்சினேன். அண்ணி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நின்றது.

விமானத்தை ஆய்வு செய்யச் சொல்லி விமானப் போக்குவரத்துத் துறைக்கு எழுதியிருக்கிறோம். நினைவு நாளில் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கொட்டகைக்கு வாருங்கள். எடைக்குக் கேட்டவர்களும் வரலாம். வெளியே யாராவது விசாரித்தால், இன்னும் பறக்கவில்லை என்று சொல்லுங்கள்.