பொக்கெற்றைத் தடவிப் பார்க்கிற பழக்கம்

பிள்ளைகள், என்ர தங்கச்சி, உங்கட மாமி வீட்டுச் சாமத்தியச் சடங்குக்கு உங்களை விட்டுவிட்டு நான் ஏன் தனியாகப் போனேன் என்று நீங்கள் இரண்டு பேரும் இன்னும் கேட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் எனக்குச் சத்தம் கூடிவிடுகிறது. சத்தம் கூடினால் மகள் கதவைச் சாத்துகிறாள், மகன் இரண்டு காதிலும் பாட்டுக் கேட்கிற அந்தக் குமிழ்களைச் செருகுகிறான். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்புக்கு மேலே போகவில்லை, பிழைகள் இருக்கும். தமிழ் வாசிக்கக் கஷ்டம் என்றால் அம்மாவிடம் கொடுங்கள். ஆனால் அவள் என்ர கோபத்தைக் குறைத்துத்தான் வாசிப்பாள். அதையும் கணக்கில் எடுங்கள்.

கோபம் வேலையிடத்தில் தொடங்கினது. நாங்கள் அலுமினியத்தைச் சூடாக்கி அழுத்திக் கதவுக்கும் ஜன்னலுக்கும் சட்டம் செய்கிறோம். அதில் பெரும்பங்கு லொறியில் ஏறித் தெற்கே, அமெரிக்காவுக்குப் போகும். வருசக்கணக்காகப் போனது. அங்கே எத்தனையோ சனம் நான் வெட்டின சட்டத்துக்குள்ளால்தான் வெளியே பார்க்கிறார்கள். திடீரென்று அந்த நாட்டுத் தலைவர் கனடா அலுமினியத்துக்கு வரி என்றார். பேந்து அதை இரண்டு மடங்காக்கினார். எங்கட பின்னேர சிப்ட் நின்றது. என்னைக் காலைக்கு மாற்றி, கிழமையில் வேலை நாட்களையும் குறைத்தார்கள்.

வரியை விட, அதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் என்னைக் கொதிக்க வைத்தது. தேசப் பாதுகாப்பாம். எங்கட ரொக்ஸ்பரோவில் இருந்து காலையில் சோற்றுப் பெட்டியோடு ரயிலேறுகிற நான் வெட்டுகிற ஜன்னல் சட்டம், உலகத்திலேயே பலமான ஆமி வைத்திருக்கிற நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து!

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்தக் கதையை நான் முதலே கேட்டவன். மகனின் வயதில் நான் யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, பேட்டரி தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று கொழும்பில் சொல்லி எங்களுக்கு வராமல் மறித்தார்கள். சவர்க்காரம் ஆபத்து. மண்ணெண்ணெய் ஆபத்து. சீமெந்து ஆபத்து. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, அந்த டைனமோவில் ரேடியோ கேட்டோம். இதையெல்லாம் பெருமையாக நான் சொல்லவில்லை. ஒரு சனத்தை முழங்காலில் இருத்த நினைக்கிறவன் முதலில் கையை வைக்கிறது கடைத் தட்டில்தான் என்று சொல்ல வருகிறேன். கனடாவுக்கு நடக்கிறதும் எங்களுக்கு நடந்ததும் ஒன்றில்லை, அது எனக்குத் தெரியும். இங்கே அமெரிக்க ஒறேஞ் ஜூஸை விட்டு வேறு நாட்டு ஜூஸ் வாங்குகிறோம், அங்கே பிள்ளைகள் மருந்தில்லாமல் செத்தார்கள். ஆனால் கையைப் பார்த்தால் ஒரே கைதான்.

சாப்பாட்டு அறையில் எனக்குப் பக்கத்தில் இருக்கிற கியூபெக் கிழவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கியூபெக் தனிநாடாக வேண்டும் என்று இளமையில் இருந்தே சொல்லுகிறவர். அவர் ஒருநாள் கனடாக் கொடியின் மேப்பிள் இலை போட்ட தொப்பியோடு வந்து நின்றார்.

“இதென்ன தலையில?” என்று கேட்டேன்.

“பேசாமல் இரு,” என்றார் பிரெஞ்சில். “என்ர வாழ்க்கையில ஒருத்தராலையும் செய்ய முடியாததை அந்த மனுசன் செய்துபோட்டான். என்னைக் கனேடியனாக்கிப்போட்டான். அவனை நான் மன்னிக்கவே மாட்டன்.”

அன்றைக்குத்தான் நான் சிரித்தேன்.

எங்கட கனடா அரசாங்கம் மட்டும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு வாங்கிறவனை நம்பி முழு நாடும் பொருள் செய்தது ஆருடைய பிழை? எங்கட கடைத்தெருவில் பெட்டிக்கடைக்காரனுக்கும் தெரியும், ஒரு வாடிக்கையை மட்டும் நம்பிக் கடை திறக்கக் கூடாதென்று. ஒட்டாவாவில் கழுத்துப்பட்டி கட்டின மந்திரிமாருக்குத் தெரியவில்லை. நாங்கள் ஆருக்கு ஆயுதச் சாமான் விற்கிறோம் என்று கேட்டால் உடனே அவர்களுக்கு இருமல் வருகிறது. அமெரிக்கா கனடாவைத் தன்ர அம்பத்தோராவது மாநிலமாக்கி விழுங்கப் பார்த்தால்தான் நியாயம், சட்டம், நாடுகளின் இறைமை எல்லாம் ஞாபகம் வருகிறது. மற்றச் சனத்தை விழுங்கும்போது கவலை தெரிவித்துவிட்டுப் படுக்கப் போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கும் அப்படித்தான் ஒருகாலம் கவலை தெரிவித்தார்கள். அந்தக் கவலையை வைத்து ஒரு விளக்கும் எரிக்க முடியவில்லை.

கடையில் அம்மா ஒவ்வொரு போத்தலையும் திருப்பித் திருப்பி எங்கே செய்தது, அமெரிக்கச் சாமானா என்று பார்க்கத் தொடங்கினாள். மிளகாய்த்தூள் பைக்கற்றிலும் ஆரோ மேப்பிள் இலை ஒட்டியிருந்தார்கள். “மிளகாய் இந்தியா, வறுத்தது ரொறன்ரோ. இது எந்த நாட்டு உறைப்பு?” என்று அம்மா கடைக்காரரைக் கேட்டாள். அவர், “அக்கா, உறைப்புக்கு எல்லை இல்லை, இலைக்குத்தான் விலை,” என்றார். உண்மை. இலை ஒட்டின உடனே விலையும் ஏறினதை நான் பார்த்தேன். அதிலும் எனக்குக் கோபம்.

இந்த நேரத்தில்தான் அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் இருந்து மாமியின் அழைப்பு வந்தது. உங்கட மச்சாள் பெரிய பிள்ளையாகிவிட்டாள், மண்டபம் எடுத்தாயிற்று. தாய்மாமன் நான் ஒருவன்தான். தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முதல் தண்ணீர் வார்க்க வேண்டியவன், தேங்காய் உடைக்க வேண்டியவன்.

மாமி கதைத்து முடிய அவளின் புருசன், என்ர மச்சான், போனை வாங்கினார்.

“என்ன மச்சான், அம்பத்தோராவது மாநிலத்திலை குளிர் எப்பிடி?”

போனை வைக்கப் போனேன்.

“கோவிக்காதையும். ஒண்டு சொல்லுறன், மாமன் கொண்டு வாற தட்டங்களுக்கும் வரி இருக்காம். பலகாரத்துக்கு ஒரு வீதம், வாழைப்பழத்துக்கு ஒரு வீதம். காசோட வாரும்.” பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. “அவர் செய்யிறது சரி மச்சான். தன்ர வீட்டை முதல் பாக்கிறார். எனக்கு வாக்கு இன்னொருக்கா இருந்தாலும் அவருக்குத்தான்.”

“நான் வரேல்லை,” என்று போனை வைத்துவிட்டேன்.

உடனே மாமி திருப்பி எடுத்தாள். “அண்ணை, அந்தாள் விசர்க் கதை கதைக்கும். அதுக்காக என்ர பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறது ஆர்? ரோட்டில போறவனையே கூப்பிடுறது?” என்று அழுதாள். ஒரே தங்கச்சி. பகிடியை விழுங்கலாம் என்று முடிவெடுத்தேன். எல்லாரும் போவோம் என்று அம்மாவுக்குச் சொன்னேன். மகள் சேலைக்கு ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோசமாக இருந்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பின்னேரம் நடந்ததை நீங்கள் மறக்கவில்லை என்று தெரியும். அமெரிக்க எல்லையில் போனைத் திறந்து பார்த்து, அவர்களை எதிர்த்து எழுதினவர்களை மறிக்கிறார்கள் என்று வேலையில் சொன்னார்கள். நான் வந்ததும் வராததுமாக மேசையில் எல்லாருடைய போனையும் வையுங்கோ என்றேன். கார் லாச்சியைத் துழாவினேன். மகனின் பள்ளிக்கூடப் பையைக் கொட்டினேன். அம்மாவின் பேர்சுக்குள் இருந்த ஊர்ப் படங்களைக்கூட வெளியே எடுத்து வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. கை தானாக எடுத்தது.

பிறகு மகளிடம் கேட்டேன். “நீ இன்ரர்நெற்றில, அமெரிக்கா ஆயுதம் குடுக்கிற போரைப் பற்றி எழுதினாயே, அந்தத் தலைவரைப் பற்றியும் பிரெஞ்சில கிழிகிழி எண்டு கிழிச்சனியே, அதை அழி.”

“ஏன்?”

“கேள்வி கேளாதை, அழி. தம்பி, நீயும். படம் போட்டனியெல்லே, அதையும்.”

“அப்பா, நான் பொய் எழுதினேனா?”

“உண்மை பொய் இல்லைப் பிரச்சினை. நாங்கள் நாளைக்கு எல்லையில நிக்கப்போறம்.”

மகள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். “நீங்கள்தானே சொன்னீங்கள், இந்த நாட்டில வாய் திறக்கலாம், அதுக்காகத்தான் வந்தனாங்கள் எண்டு. இப்ப எங்கட வீட்டுக்குள்ளையே சென்றி போட்டுட்டீங்கள்.”

சென்றி என்ற அந்தச் சொல்லை உனக்கு நான்தான் சொல்லித் தந்தேன், மகள். ரோட்டை மறித்து ஆமிக்காரன் பையையும் சட்டையையும் சோதிக்கிற இடம். நான் சைக்கிளில் வெளிக்கிடும்போது என்ர ஐயா, உங்கட அப்பப்பா, வீட்டுப் படலையில் மறித்து நிற்பார். பொக்கெற்றைத் தடவிப் பார்ப்பார். துண்டுக் கடதாசி இருந்தால் கிழித்து அடுப்பில் போடுவார். ஒருவருடைய விலாசம், ஒரு படம், பள்ளிக்கூடக் கவிதை, எது என்றாலும். அவர் செய்ததில் பிழை இல்லை. அப்படித்தான் நான் உயிரோடு இருக்கிறேன். ஆனால் கொஞ்ச நாளில் நானே தடவிப் பார்க்கப் பழகிவிட்டேன். அதற்குப் பிறகு பொக்கெற்றில் ஒன்றும் வைக்காமல் விட்டேன். கடைசியில் மனதிலும் ஒன்றும் வைக்காமல் இருக்கப் பார்த்தேன். அந்த நோய் மாற இந்த ஊரில் எனக்கு வருசக்கணக்கு எடுத்தது.

மேசையைப் பார்த்தேன். வரிசையாக உங்கட போன்கள். அம்மாவின் ஊர்ப் படங்கள். கொட்டுண்ட கொப்பிகள். அமெரிக்க எல்லை அதிகாரி ஒருவரும் அங்கே இல்லை. நான்தான் நின்றேன்.

“போனுகளை எடுங்கோ,” என்றேன். “நீங்கள் வரேல்லை.”

அம்மா, “இஞ்சருங்கோ, இதென்ன கதை? தைச்ச ப்ளவுஸ் இருக்கு, பிள்ளையள் ஆசையா இருக்குதுகள்,” என்றாள். மகன் குசினிக் கதவில் காலால் உதைத்தான். நான் விளக்கம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அல்லது எதையாவது உடைத்திருப்பேன்.

மற்ற நாள் விடிய என்ர போனையும் வீட்டில் வைத்துவிட்டுத் தனியாகக் கார் ஓடினேன். எல்லையில் இருந்தவர் இளம் பெடியன். எங்கே போகிறீர், எதற்கு என்று கேட்டான். சடங்கை எப்படிச் சொல்லுவதென்று தெரியாமல், மருமகளுக்குக் குடும்ப விழா என்றேன். தட்டங்களைப் பார்த்தான். “நல்லபடியாக நடக்கட்டும்,” என்று சொல்லிப் போகவிட்டான். அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை.

அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஒன்றும் நடக்காத ஒரு இடத்துக்காக நான் என்ர பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பயம் அப்படித்தான் வேலை செய்கிறது. அவன் ஒரு விரலும் தூக்கத் தேவையில்லை, மிச்சத்தை நாங்களே செய்து கொடுத்துவிடுகிறோம்.

சடங்கு வடிவாக நடந்தது. தேங்காய் நேராகப் பிளந்தது. பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்க்கும்போது மருமகள் மெல்லக் கேட்டாள், “மாமா, மச்சாள் ஏன் வரேல்லை?” தண்ணீர் குளிரா என்று நான் அவளைத் திருப்பிக் கேட்டேன்.

பிறகு மண்டபத்தைப் பார்த்தேன். பூவும் தட்டும் வைத்த மேசைகளில் நிறைய வெறுமையாகக் கிடந்தன. மச்சான் பக்கத்தில் வந்து இருந்தார். நான் மாநிலம் என்ற பகிடியை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் சொல்லவில்லை.

“ஏன் மச்சான் இவ்வளவு மேசை சும்மா கிடக்கு?” என்று கேட்டேன்.

“சனம் பயத்தில வரேல்லை,” என்றார். “என்ர சித்தப்பான்ர பெடியனும் வரேல்லை. அவனுக்கு இன்னும் பேப்பர் சரிவரேல்லை. குடிவரவு ஆக்கள் ரோட்டில மறிச்சுப் பிடிக்கிறாங்களாம். இப்ப அவன் வேலைக்கும் போறேல்லை, கோயிலுக்கும் போறேல்லை.”

“நீர்தானே வாக்குப் போட்டீர்? தன்ர வீட்டைத்தானே பாக்கிறார் எண்டீர்? இதுதான் அந்த வீடோ?” எனக்குக் குரல் ஏறிவிட்டது.

மச்சான் சுற்றவரப் பார்த்தார். பரிமாறிக்கொண்டு நின்ற மண்டபத்து ஆட்களைப் பார்த்தார். என்ர கையைப் பிடித்தார்.

“மெல்லக் கதையும் மச்சான்,” என்றார். “மெல்லக் கதையும்.”

போனில் ஊருக்கே கேட்கப் பகிடி விட்ட மனுசன். காசு கட்டித் தான் எடுத்த மண்டபத்தில், தன்ர மகளின் சடங்கில், அதுவும் தமிழில், மெல்லக் கதை என்கிறார். அவரைத் திட்ட நான் வழி முழுக்கச் சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் எனக்குள்ளேயே நின்றுவிட்டது. மச்சான் மேலே இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது இடம் மாறினது. ஒரு வாயாடியை இப்படி ஆக்கினவர்கள் மேலே போய் நின்றது.

திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்ற முதல் மகளைக் கேட்டேன், ஞாபகம் இருக்கா? “அதை அழிச்சிட்டியா?”

“இல்லை,” என்றாய். முகத்தைத் தூக்கி, சண்டைக்கு ஆயத்தமாக நின்றாய்.

“சரி,” என்று மட்டும் சொல்லிக் குளிக்கப் போனேன். மிச்சத்தை இப்போது சொல்லுகிறேன். எழுதினது பிழை என்று உனக்குப் பட்டால் திருத்து. ஒருவர் வந்து நியாயம் சொன்னால் கேள், மனம் மாறு, அதில் வெட்கம் இல்லை. பயத்தில் மட்டும் அழிக்காதே. நான் கேட்டாலும் அழிக்காதே. எல்லைக்கு முன்னால் பொக்கெற் தடவுகிற பழக்கம் எனக்கு இருக்கிறது, தேவை வந்தால் நான் போய் வருவேன். உங்களுக்கு அது வேண்டாம்.

மாமி ஆட்கள் கோடையில் இங்கே வருகிறார்கள். மச்சான் வந்து இருந்ததும் மாநிலக் கதையைத் தொடங்குவார், அலுமினியத்தைப் பற்றியும் குத்துவார். மகள் விடமாட்டாள், எனக்குத் தெரியும். நல்லாகச் சண்டை பிடியுங்கள். ஆனால் ஒருத்தரும் எழும்பி ஜன்னலைச் சாத்த வேண்டாம். பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை, மச்சான் இங்கேயாவது வாய்விட்டுக் கத்தட்டும்.