பத்தியம் என்ற பெயரில்

என் மனைவி லூர்தம்மாளின் கல்யாண மோதிரம் ஒருநாள் அரிசி களைந்த தண்ணீரோடு போய்விட்டது. முப்பத்தாறு வருடம் கழற்ற வராத மோதிரம். சாக்கடை வாயில் கைவிட்டுத் தேடி எடுத்தோம். திரும்பப் போட்டபோது விரலில் நிற்கவில்லை. வயதானால் உடம்பு வற்றும் என்று சொல்லிக்கொண்டு, மோதிரத்தில் நூல் சுற்றிக் கொடுத்தேன்.

பிறகு தாகம் வந்தது. காலையில் நிரப்பிய பானை மத்தியானத்துக்குள் காலியானது. நன்றாகச் சாப்பிட்டாள், ஆனாலும் தோள் எலும்பு தெரிந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

வீட்டில் நீரிழிவு (சிறுநீரில் சர்க்கரை இறங்கும் நோய்) உள்ளவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்தினால் அது பாதிப் பொய்யாகும். பார்த்துக்கொண்டவன் எப்படி நடந்துகொண்டான் என்பதையும் சொல்ல வேண்டும்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார்.

"ராவிலை எத்தினை தரம் எழும்பிறவ?"

"நாலு, அஞ்சு தடவ," என்றேன்.

"குளிக்கிற அறையிலை எறும்பு மொய்க்குதோ?"

லூர்து சிரித்துவிட்டாள். "எறும்புக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியல டாக்டர்."

இன்று இருக்கும் ஊசி அப்போது பினாங்குக்கு வந்து சேரவில்லை. பத்தியம் ஒன்றே மருந்து. டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வேளைக்கு ஒரு சிறு கிண்ணம் சோறு. காய்கறியை மூன்று முறை வேகவைத்து, மூன்று முறையும் தண்ணீரைக் கொட்ட வேண்டும். சர்க்கரை, வெல்லம், பழம் கூடாது. வாரத்தில் ஒருநாள் வெறும் ரசம். கடைசி வரி: தினமும் இரண்டு கால்களையும் பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட.

அந்தத் தாளின் எல்லா வரிகளையும் நான் நிறைவேற்றினேன், கடைசி வரியைத் தவிர. அதற்கு நான் அவள் காலடியில் உட்கார வேண்டியிருந்தது.

நான் நில அளவை இலாகாவில் வரைபடம் எழுதி ஓய்வு பெற்றவன். கை சுத்தம் என்பதால் சிறுநீர்ச் சோதனையை எனக்கே டாக்டர் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. சர்க்கரை ஏற ஏறப் பச்சை, மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம். வரைபடத்துக்கு வைத்திருந்த வர்ணப் பெட்டி என்னிடம் இருந்தது. தினமும் குழாயின் நிறத்தைக் கலந்து, ஒரு நோட்டில் சிறு கட்டமாகத் தீட்டி, பக்கத்தில் கிழமையை எழுதினேன்.

பக்கத்து வீட்டுக் கதீஜாம்மாவிடம் லூர்து சொல்வாள்: "நிலத்த அளந்து முடிச்சாச்சு. இப்ப என் சோத்த அளக்குறாரு."

"விடுங்கக்கா, உங்க நல்லதுக்குத்தான லா," என்பாள் அவள்.

நல்லதுக்குத்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள், திரேசா. பல வருடம் முன்பு, தைப்பிங்கில் என்னோடு வேலை பார்த்தவரின் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தேன். பாயா என்னும் சதுப்பு நிலங்களை அளக்கப் பத்து நாள் தீவை விட்டு அக்கரைக்குப் போய்த் திரும்பியபோது மகள் வீட்டில் இல்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தவள் அவள் தாய்.

"உங்ககிட்ட கேட்டா விடமாட்டீங்க," என்றாள் லூர்து. "கடவுள் கூப்பிட்டா நீங்க யாரு, நான் யாரு?"

அந்தக் கேள்விக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவன் என்ன பதில் சொல்ல முடியும்? தைப்பிங்காரர் ஆளனுப்பி, தாங்கள் கொடுத்த பரிசப் புடவையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு வருடம் நான் மடத்து வாசலை மிதிக்கவில்லை. மாதம் ஒருமுறை லூர்து தனியாகப் போய்ப் பார்த்து வந்தாள். மடத்தில் மகளுக்கு வைத்த பெயரை நான் சொன்னதே இல்லை. லூர்து மீதான கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். நோய் வந்து அவளை என் கையில் கொடுத்தது.

அவள் இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டால், தாளைக் காட்டுவேன். நாக்கு செத்துப்போச்சு என்று சொன்னால், தாளைக் காட்டுவேன். குரலை உயர்த்தியதே இல்லை. அவள் பசியோடு எழுந்து போகும்போது எனக்குள் ஒன்று வயிறு நிறைந்து உட்காரும். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களே, இப்படி ஒன்று உங்களுக்குள் உட்கார்ந்தால் உடனே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

ஆகமன காலம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய அந்த நான்கு வாரங்களும் உணவையும் ஆசையையும் அடக்கி ஒறுத்தல் செய்ய வேண்டியவை. டாக்டரும் திருச்சபையும் என் பக்கம் இருப்பதாக எண்ணிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மடத்துக்கு ஒரு தட்டுப் பலகாரம் அனுப்ப அனுமதி உண்டு. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் தாய் கையால் செய்ததை மகள் தின்பாள். லூர்து வருடம் முழுவதும் அந்தத் தட்டுக்காகவே இருப்பாள். குழாய் அப்போது இளம்பச்சையாக இருந்ததால் அடுப்பேற்ற விட்டேன். அதிரசம், அச்சு முறுக்கு, நெய்யுருண்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து டின்னில் அடைத்தாள்.

அதிரசம் சுட்ட மூன்றாம் நாள் குழாய் மஞ்சளானது. ஐந்தாம் நாள் செங்கல்.

"ருசி பாத்தியா?"

"பாக்கல."

"பாக்காம பாகு எப்படிப் பதத்துக்கு வந்துச்சு?"

"முப்பத்தாறு வருஷமா சுடுறேன். கைக்கே தெரியும். வாய் எதுக்கு?"

நோட்டை விரித்துக் காட்டினேன். "குழாய் பொய் சொல்லுமா?"

"குழாய் சொல்லாது," என்றாள். "ஆனா ஏன் ஏறுதுன்னு எனக்கும் தெரியல."

சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். மறுநாளும் செங்கல். அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் சமையலறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம், வெள்ளை எனாமல் கிண்ணத்தில் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். துப்பியதில் மாவோ நெய்யோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நான்கு நாள் இப்படிச் செய்தேன்.

முதல் நாள் அவள் சொன்னாள்: "திருட்டு நாய்க்குக்கூட யாரும் இப்படி வாயத் தொறந்து பாக்க மாட்டாங்க." அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் துப்பினாள்.

ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது என் கோபத்தை வளர்த்தது. என்னிடம் சொல்லாமல் மகளைக் கொண்டுபோனவள், என்னிடம் சொல்லாமல் தின்னவும் செய்வாள் என்று முடிவு கட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன் தட்டு தயாரானது. வாழையிலை விரித்து அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாள். ரிக்‌ஷாவும் சொல்லி வைத்திருந்தாள். அன்றும் குழாய் செங்கல். நான் தட்டைத் தூக்கினேன்.

"அது மடத்துக்கு," என்றாள்.

"இந்த வருஷம் கோயில் வாசல்ல இருக்கிற ஏழைங்களுக்கு. ஒறுத்தல் வேணுமில்ல? நீ வாய அடக்கல. உன் மகளாவது அடக்கட்டும்."

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இத மட்டும் செய்யாதீங்க," என்றாள். ஒருமுறைதான் சொன்னாள்.

நான் போனேன். ஏழைகள் வாழ்த்தினார்கள். கோயில் சாமியார் கண்டு மெச்சினார். பன்னிரண்டு வருடத்தில் அவ்வளவு ருசியான ஒன்றை நான் அனுபவித்ததில்லை. உண்மையைச் சொல்ல வந்தவன் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் லூர்து வழக்கமான முன்பெஞ்சுக்குப் போகவில்லை. கடைசித் தூணருகே உட்கார்ந்தாள். நன்மை வாங்க (நற்கருணை பெற) எழுந்து போனவள் பீடத்தின் முன் முழங்காலிட்டு எழ வெகுநேரமானது. அவள் திரும்பி வந்த வழியை யதேச்சையாகப் பார்த்தேன். தரைக் கல்லில், ஓரடி விட்டு ஓரடி, ஈரத் தடங்கள் இருந்தன. எல்லாம் இடது கால்.

பாடகர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே ரிக்‌ஷாவில் ஏற்றினேன். அப்போதுதான் நாற்றம் என் மூக்குக்கு வந்தது. அவள் சாம்பிராணி போட்டு மறைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியைப் பிரித்தார். பெருவிரலும் அடுத்த இரண்டும் கறுத்திருந்தன. பாதம் பாதிவரை ஊதா நிறம். நான் அவர் கேட்காமலே நோட்டை நீட்டினேன். கூட்டி வந்தவன் மீது குற்றமில்லை என்று காட்ட வேண்டும் என்பதுதான் அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

டாக்டர் கட்டங்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். "இந்த மஞ்சள் எப்ப துவங்கினது?"

"அதிரசம் சுட்ட மூணாம் நாள்."

அவர் லூர்துவிடம் திரும்பினார். "அம்மா, கால் எப்ப சுட்டது?"

"அதிரசம் சுட்ட அன்னைக்குத்தான். அடுப்புக் கங்கு விழுந்துருக்கு. எனக்குச் சுடவே இல்ல டாக்டர். துணி கருகுதுன்னு நினைச்சேன்."

டாக்டர் நோட்டை மூடினார். "அவ இனிப்புத் தின்னேல்லை, ஐயா. புண் பழுத்தால் சர்க்கரை தானா ஏறும். காலைப் பாத்தனீங்களோ?"

நான் மூடிய நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"இல்லாட்டி, அவவையாவது கேட்டனீங்களோ?"

படிக்கிறவர்களுக்காக இதை நிறுத்திச் சொல்கிறேன். நாள்பட்ட நீரிழிவில் காலின் உணர்ச்சி மரத்துப் போகும். நெருப்புப் பட்டாலும் தெரியாது. இரத்த ஓட்டம் குறைவதால் புண் ஆறாது, அழுகலாகும் (சதை உயிரிழந்து கறுத்துவிடும்). பத்தியத்தில் தவறில்லாமல் சர்க்கரை ஏறினால் உடம்பில் எங்காவது புண் இருக்கிறதா என்று தேட வேண்டும். அந்தச் செங்கல் நிறம் அவள் காலுக்காக என்னிடம் முறையிட்டுக்கொண்டிருந்தது. நான் அதை அவள் வாய்க்கு எதிரான சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

புண்ணை ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். "காட்டுனா அடுப்ப அணைச்சிருப்பீங்க. தட்டு போயிருக்காது," என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அப்பவும் போகல."

முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். சர்க்கரை இறங்காத உடம்பில் வெட்டிய இடமும் ஆறாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்த வாரம் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் புது மருந்து வந்தது: இன்சுலின் (மிருகங்களின் கணையத்திலிருந்து எடுத்து ஊசியில் ஏற்றுவது). அது வந்ததால் அவள் பிழைத்தாள்.

வெட்டிய காலை என்ன செய்வதென்று கேட்டார்கள். ஞானஸ்நானம் பெற்ற உடம்பின் பாகம் அது. தேயிலை வந்த மரப்பெட்டி ஒன்றில் வைத்து, மடியில் சுமந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், எங்கள் இருவருக்கும் ஒதுக்கியிருந்த இடத்தில் புதைத்தேன். கைக்குழந்தையின் கனம் இருந்தது.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டு, பதினைந்து நாள் செபமாலை சொல்லச் சொன்னார். லேசான மனத்தோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி லூர்துவிடம் சொன்னேன்.

"சாமி மன்னிச்சுட்டாரு," என்றேன்.

"மன்னிப்பாரு. அவருக்குக் கால் போகலையே."

அவளே தொடர்ந்தாள். "தட்டு ஏன் வரலன்னு அவ கேட்டு அனுப்பியிருக்கா. நான் சொல்லமாட்டேன். நீங்க போங்க. உங்க வாயால சொல்லுங்க. தட்டு, சோறு, கிண்ணம், ஒண்ணு விடாம. அதுவரைக்கும் மன்னிப்புன்னு எங்கிட்ட பேசாதீங்க."

அவள் கண்ணில் நான் பன்னிரண்டு வருடம் கண்ணாடியில் பார்த்த ஒன்றைக் கண்டேன்.

உடனே போகவில்லை. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊசி போடக் கற்று, காலையும் மாலையும் போட்டு, மூன்று வாரம் கடத்தினேன். அந்த மூன்று வாரமும் "கை நீட்டு" என்றால் நீட்டுவாள். வேறு பேச்சில்லை.

நான்காம் வாரம் ஒரு மாலை போனேன். வாசலில் இருந்த கன்னியரிடம் திரேசாவைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்படி ஒருவரும் இல்லையே என்றார். மகளின் மடத்துப் பெயரைச் சொன்னேன். முதல் முறை குரல் எழும்பவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

பார்வையாளர் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் என் மகள் வந்து உட்கார்ந்தாள். முப்பத்துமூன்று வயது, மூக்குக்கண்ணாடி. தாயின் தாடை. நான் உட்காராமல் சொன்னேன். தாளை, நோட்டை, நாற்காலியை, கிண்ணத்தைச் சொன்னேன். தட்டைத் தூக்கியபோது நான் பேசிய சொற்களை அப்படியே சொன்னேன். கால் இருக்கும் இடத்தைச் சொன்னேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"தட்டு வர வேண்டிய அன்னைக்கு வாசல் மணி அடிக்கிறப்பல்லாம் எழுந்து போனேன்பா," என்றாள். பிறகு, "சாயங்கால ஊசி எத்தன மணிக்கு?"

"அஞ்சரைக்கு."

"அஞ்சாகப் போகுது. கிளம்புங்க."

வீட்டில் ஊசியைக் கொதிநீரில் போட்டேன். லூர்து கட்டிலிலிருந்து என்னையே பார்த்தாள்.

"போனீங்களா?"

"போனேன்."

"கிண்ணத்தையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

கையை நீட்டினாள்.

இது நடந்து ஒன்பது வருடமாகிறது. லூர்து இருக்கிறாள். எங்கள் நாள் விடியும்போது தொடங்குவதில்லை. காலை ஊசியில் தொடங்கி மாலை ஊசியில் திரும்புகிறது. அடுத்த வருடம் என்று நாங்கள் பேசுவதில்லை. கிறிஸ்துமஸ்கூட எங்களுக்கு, ஐந்தரை மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய ஒரு நாள்.

மழைக்கு முன்னால் அவளுக்கு இல்லாத விரல்கள் அரிக்கும். வெட்டுண்ட உறுப்பை மூளை மறப்பதில்லை என்றார் டாக்டர். என்னைக் கூப்பிடுவாள். நான் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரிப்பைச் சொறிவேன்.

"இன்னும் கீழ," என்பாள். "இன்னும் கொஞ்சம்."

என் விரல் அவள் சொல்லும் இடத்தைத் தேடும். கை ஓய்ந்து நிறுத்தினால், "இன்னும் போகல," என்பாள். உண்மையிலேயே போகவில்லையா, என்னை எழவிடாமல் வைத்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. சொறிகிறேன்.